மூன்று அல்ல, நான்கு

ஒன்பதே குழிகள் எங்கள் மைதானத்துக்கு.
பதினெட்டு ஆட வேண்டுமென்றால்
அதையே இன்னொரு முறை சுற்ற வேண்டும்,
சொன்னதையே சொல்லும் டெஸ்மண்ட் பர்விஸைப் போல.

நியூசிலாந்தின் தென்கோடி. இதற்குக் கீழே
கொஞ்சம் கடல், பிறகு பனிக்கட்டி.
சந்தா கட்டாமல் தினமும் வரும் உறுப்பினர்
காற்று மட்டும்தான்.

நான் செயலாளர். வயது நாற்பத்தேழு.
சனிக்கிழமைகளில் எனக்கு முன்னால்
எண்பதைத் தாண்டிய நால்வர்
ஒவ்வொரு பந்தையும் வழக்கு விசாரிப்பதுபோல் சுற்றி வருவார்கள்.
எனக்குப் பின்னால்
விடியற்காலையில் பால் கறந்துவிட்டு வந்த இளசுகள்,
ஹூடிக்குள் கொட்டாவி, வண்டியில் ஸ்பீக்கர்,
பந்து என் குதிகாலைத் தேடி வரும்.
மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள்.
அந்த மத்தளம் கோல்ஃப் ஆடிப் பார்த்திருக்கிறீர்களா?

கதவருகே புகார்ப் புத்தகம்,
நூலில் கட்டிய பேனா.
அதில் எல்லாப் பக்கமும் பர்விஸ்:

ஒருவன் காலுறை கணுக்காலுக்குக் கீழே.
ஒருத்தி பட் செய்யும்போது சிரித்தாள்.
என் இடத்தில் ஒரு பிக்கப், அதற்குள் நாய்.
நாய் என்னைப் பார்த்த விதம் சரியில்லை.

இளசுகள் புத்தகத்தில் எழுதுவதில்லை.
இரவு பதினொன்றுக்கு என் போன் துள்ளும்.
ஹினேவாய் பார்லோ, இருபத்திரண்டு வயது:
'ஏழாம் குழியில் இருபது நிமிடம் பந்து தேடினார்கள்.
அது அவர் கால்சட்டைப் பையில் இருந்தது.
என் நிழல் அவர் கோட்டில் விழுந்ததாம்,
நான்கு முறை இருமினார்.'

ஆண்டுக் கூட்டம் ஹூடியைப் பற்றி.
இரண்டு மணி நேரம். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது.
தூக்கத்திலிருந்து விழித்த ஆல்ஃப் லிண்ட்க்விஸ்ட்
ஹீட்டர் வாங்குவதா என்று கேட்கிறார்கள் என நினைத்துக்
கை தூக்கினார். ஹூடி வென்றது.
பர்விஸ் ராஜினாமா செய்தார்.
வருடா வருடம் செய்வதுதான்.
அதே கடிதம், தேதியை மட்டும் அடித்துத் திருத்தி.

ஜூன் நடுவில் அவர் வரவில்லை.
இன்வர்கார்கில் மருத்துவமனை, இடுப்பெலும்பு.
முதல் சனிக்கிழமை, ஒத்துக்கொள்கிறேன்,
சீஸ் ரோலை நிம்மதியாக மென்றேன்.
அடுத்த வாரமும் புத்தகம் வெள்ளையாகக் கிடந்தது,
வெளியே உறைபனி போல.
அவர் இடத்தில் யாரும் வண்டி நிறுத்தவில்லை.
அதைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

நான்காம் வாரம், உருண்டை எழுத்தில்:

மூன்றாம் குழி பங்கரில் காலடித் தடங்கள்.
வெட்கக்கேடு.
காலுறைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.
டெ. பர்விஸுக்காக.

பெயர் இல்லை. தாளின் ஓரத்தில் மட்டும்
மாட்டு மடிக்குத் தெளிக்கும் அயோடினின் பழுப்புக் கறை.
அதன்பின் வாரம் தவறவில்லை.
கொஞ்சம் அளவு மீறியும் போனது:
காற்றின் மீது ஒரு புகார்,
செம்மறிகள் பட்டையைப் பார்க்கும் விதம் பற்றி ஒன்று,
செயலாளர் மெதுவாக ஆடுகிறார் என்று ஒன்று.
(அதற்கு நான் தனியாகக் கணக்குத் தீர்ப்பேன்.)

ஆகஸ்ட் கடைசியில் வந்தார். ஆட அல்ல.
இரண்டு கைத்தடி, ஒரு தொப்பி.
யாருக்கும் வணக்கம் இல்லை. நேராகப் புத்தகம்.
கண்ணாடியை மாட்டி, ஒரு வரி விடாமல் வாசித்தார்.
கெட்டில் கொதித்து அணைந்தது, யாரும் நகரவில்லை.
ஹினேவாய் ஹூடியை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

நூல் எட்டவில்லை.
புது இடுப்போடு வலிக்க வலிக்கக் குனிந்து
பேனாவைப் பிடித்தார்.
மூன்று என்பதை அடித்தார்.
நான்கு என்று எழுதினார்.
கீழே, சிறிய எழுத்தில்: காலுறை விஷயம் சரி.

பிறகு நிமிர்ந்து, எல்லோரையும் பொதுவாக முறைத்து,
'மனுஷன் விறைத்துச் சாகிறான்,
இங்கே ஒரு ஹீட்டர் கிடையாதா?' என்றார்.

'அதற்குத்தானே நான் கை தூக்கினேன்!'
என்றார் ஆல்ஃப்.